பள்ளியறையில் உறங்கிய நல்லம்மையார்

காவிரியிலிருந்து பிரிந்தோடும் கிளையாறு ஒன்றின் தென்கரையில் நெடுங்கரை என்னும் ஊர் இருந்தது. அவ்வூர்ச் சிவன் கோயிலில் பள்ளியறைக்குப் பூ விரிக்கும் திருப்பணியைச் செய்து வந்தவர் நல்லம்மையார். நாள்தோறும் நந்தவனத்தில் பூப்பறித்து, காம்பு களைந்து, சுவாமியும் அம்பாளும் துயில்கொள்ளும் மஞ்சத்தின் மேல் மெத்தென்று பரப்பி, விளக்கேற்றிவிட்டு வரவேண்டும். பூத்தானே, அதில் என்ன கனம் என்று ஊரார் கேட்பார்கள். அம்மையாருக்கோ அது மலை சுமக்கும் வேலையாக இருந்தது.

மகளைப் பெற்ற மறு ஆண்டு அவருக்கு ஒரு காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயிற்று, அது கொண்டுவந்த அயர்ச்சி போகவில்லை. இரவெல்லாம் படுத்திருந்தாலும், விடிய விடிய நெல் குத்தியவர் போலவே எழுந்திருப்பார். ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகச் சுமந்தால் மறுநாள் கை தூக்க முடியாது. வைத்தியர் நாடி பார்த்தார், கஷாயம் கொடுத்தார், கடைசியில் "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று கையைக் கழுவிக்கொண்டார். உடம்பில் புண் இல்லை, முகத்தில் வெளிறல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு ஊரில் யார் இரங்குவார்கள்? "உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டும்பாங்க. இவளுக்கு உண்ணாமலே மயக்கம் வருது பாரு" என்று படித்துறையில் பெண்கள் சிரிப்பார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மகளுக்குத் தேன்மொழி என்று பெயர். எட்டு வயதாகியும் ஒரு சொல் பேசியதில்லை. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காது, அவருக்குப் பின்னால் ஆடும் இலையைப் பார்ப்பாள். ஓடும் தண்ணீரைக் கண்டால் உலகத்தையே மறந்துவிடுவாள். உப்புப் போட்ட வெறுஞ்சோறு தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள். மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு, கால் போன போக்கில் ஓடுவாள். யாராவது கையைப் பிடித்தால் கடிப்பாள். பிள்ளை இப்படி என்று தெரிந்ததும், "இது உன் வினை, நீயே அனுபவி" என்று சொல்லிவிட்டு அவள் தந்தை வடக்கே போனவர்தான், திரும்பவில்லை. தேனும் இல்லை, மொழியும் இல்லை என்று ஊர் கேலி பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நல்லம்மையார் அதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே! இருந்த கொஞ்சத் தெம்பையும் அவர் மகளுக்கும் மஞ்சத்துக்கும் பங்கிட்டு வைத்திருந்தார். மகள் அம்மா என்று அழைக்கமாட்டாள், கட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் அம்மையார் பூக்கட்ட உட்கார்ந்தால், வந்து முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பொழுதுக்காகவே அம்மையார் உயிரோடிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அவருக்கு இருந்தது ஒரே பயம். அது ஆறு. ஒருமுறை கண்ணயர்ந்து எழுவதற்குள் குழந்தை இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தது. அன்று முதல் தம் சேலைத் தலைப்பைக் குழந்தையின் அரையில் முடிந்துகொண்டுதான் படுப்பார். முடிச்சு அசைந்தால் எழுந்துவிடுவார். நோயாளி உடம்பு உறக்கத்துக்கு ஏங்கி அழும், தாய்மனம் உறங்கவிடாது. இரண்டுக்கும் நடுவே அவர் நாளுக்கு நாள் தேய்ந்தார்.

மாலையில் பூ விரித்து முடித்ததும், மஞ்சத்தின் கால்மாட்டில் நின்று ஒரே விண்ணப்பத்தைத்தான் வைப்பார். "சாமி, நீ நல்லாத் தூங்கு. நான் போனப்புறம் இந்தப் புள்ளைய யாரு பாத்துக்குவா? அத மட்டும் எங்கிட்ட சொல்லிடு." மகளைக் குணமாக்கு என்றோ, தம் அயர்ச்சியைத் தீர் என்றோ கேட்டதில்லை. கேட்ட ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

கெட்டியான சுவர்களுக்கு நடுவே, கோயிலிலேயே அமைதியான இடம் பள்ளியறைதான். தேன்மொழிக்கு அது பிடித்திருந்தது. இரவுப் பூசைக்கு மேளம் முழங்கிச் சுவாமி எழுந்தருளுவதற்கு வெகு முன்பே தாயும் மகளும் வீடு திரும்பிவிடுவார்கள். ஆனாலும் கோயில் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் கயிலாசத்தாருக்கு இது பொறுக்கவில்லை. "இது கோயிலா, சத்திரமா? இன்னொருவாட்டி இந்தப் பொண்ணு இங்க கத்துச்சுன்னா, பூ விரிக்கிற வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று கண்டித்திருந்தார்.

ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. ஆறு கரை தொட்டு ஓடியது. கரை உடைந்துவிடுமோ என்று அஞ்சி அம்மையார் மகளைக் காவல் காத்ததில் மூன்று இரவும் கண்மூடவில்லை. நான்காம் நாள் மாலை சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்கு வந்தார். பாதிப் பூவைப் பரப்பியபோது கண் இருண்டது. மஞ்சத்தின் விளிம்பைப் பிடித்தவர் அப்படியே அதன்மேல் சாய்ந்தார். இறைவன் துயில்கொள்ளும் மஞ்சத்தில், பூவின் மேல், நோய் கண்ட நாளிலிருந்து வாய்க்காத ஆழ்ந்த உறக்கம் அவருக்கு வாய்த்தது. தேன்மொழி அருகில் அமர்ந்து இதழ்களைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கென்று, வெள்ளத்துக்கு அஞ்சிய ஊரார் நேரத்தோடு வீடு சேரட்டும் என மணியக்காரர் இரவுப் பூசையை முன்னதாகவே நடத்தச் சொல்லியிருந்தார். வாசலருகே திடுமென மேளம் முழங்கியது. குழந்தை அலறிக்கொண்டு, வந்தவர்களின் கால்களுக்கிடையே புகுந்து ஓடினாள். உள்ளே எட்டிப் பார்த்த மணியக்காரர் திகைத்து நின்றார்.

"அடிப்பாவி! சாமி படுக்கையில படுத்திருக்காளே! இழுத்து வெளிய போடுங்க!"

இழுத்துத்தான் போட்டார்கள். பிரகாரத்துக் கல்லில் விழுந்து கண்விழித்த அம்மையார், தம்மைச் சுற்றி நின்றவர்களின் வசையைக் கேட்கவில்லை. "எம் புள்ளை எங்க?" என்றார்.

"பள்ளியறை தீட்டாப்போச்சு, இவளுக்குப் புள்ளை கேக்குதா? இனிமே கோயில் வாசல மிதிக்காதே" என்றார் மணியக்காரர். "ஐயா, என்னைக் கொன்னுகூடப் போடுங்க. நாலு பேரு ஆத்துப்பக்கம் ஓடுங்கய்யா" என்று அம்மையார் கும்பிட்டார். யாரும் ஓடவில்லை. வெள்ளமும் மழையுமாக இருக்கையில் பேசாத பெண்ணொருத்திக்காக யார் உயிரைப் பணயம் வைப்பார்கள்? கோயில் பூசை செய்துவந்த ஈசான குருக்கள் கண்ணில் நீர் வர நின்றார். ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சத்துப் பூவை வாரியெறிந்து, அறையைக் கழுவி, சுவாமியின் செப்புத் திருமேனியைக் கருவறைக்கே திரும்ப எழுந்தருளச் செய்து, கதவுகளைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மையார் ஆற்றங்கரையில் நடந்தார். நடக்க முடியாதபோது தவழ்ந்தார். படித்துறைச் சேற்றில் குழந்தையின் காலடி தண்ணீரை நோக்கிப் போயிருந்தது. திரும்பிய அடையாளம் இல்லை. அங்கே அவர் கால்கள் முற்றும் ஓய்ந்தன. விழுந்த இடத்திலிருந்தே கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கத்தினார்.

"தெனமும் உனக்குப் படுக்கை போட்டேனே! ஒருநாள், ஒரே ஒருநாள் கண்ணசந்தேன். அதுக்கு எம் புள்ளையா? அவளக் குடுத்துடு. இல்லேன்னா என்னையும் எடுத்துக்க. ரெண்டுல ஒண்ணு செய்யாம நீ அங்க எப்படித் தூங்கறேன்னு பாக்கறேன்!"

வசைதான், மறுக்கவில்லை. ஆனால் வைவதற்கும் அவர் வேறொருவரிடம் போகவில்லை. அதைவிடப் பெரிய பக்தி எது என்று அடியேனுக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் ஈசான குருக்களின் கனவில் நெடுங்கரை நாதர் தோன்றினார். அவர் உடுத்திய பட்டு நனைந்திருந்தது.

"ஈசானா, நமக்குப் பள்ளி விரித்தவளுக்கு ஒருபொழுது உறக்கம் கொடுக்க விரும்பி, நாமே அவளை நம் மஞ்சத்தில் துயில வைத்தோம். நீங்கள் எழுப்பிவிட்டீர்கள். குழந்தையை நாம் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறோம். போய்க் கதவைத் திற. சத்தம் போடாதே, அவள் உறங்குகிறாள்."

குருக்கள் மணியக்காரரை எழுப்பி அழைத்துக்கொண்டு ஓடினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார்கள். கழுவித் துடைத்த மஞ்சத்தின் மேல் புதுப்பூ பரப்பியிருந்தது. பழக்கமில்லாத கை பரப்பியது போலும். ஒரு பூவிலும் காம்பு களையவில்லை. அதன்மேல் தேன்மொழி, தலைமயிர் ஈரம் காயாமல், சீராக மூச்சுவிட்டு உறங்கினாள். கருவறையில் இருக்கவேண்டிய செப்புத் திருமேனி, வாசற்படியை ஒட்டித் தரையில், காவல் இருப்பது போல வீற்றிருந்தது. பட்டில் ஆற்று மணல். இடக்கையில், செம்பில் பதிந்து, சின்னஞ்சிறு பல்வரிசை.

மணியக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். குருக்களும் ஊராரும் பின்னாலேயே ஓடினார்கள். கூட்டமாக ஆட்கள் வருவதைக் கண்ட அம்மையார், அவர்கள் எதைச் சொல்ல வருகிறார்கள் என்று தாமே முடிவு செய்துகொண்டார். "எந்த எடத்துல ஒதுங்கியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா, இல்ல! புள்ளை தூங்குது. சாமி படுக்கையில தூங்குது" என்று மணியக்காரர் சேற்றில் விழுந்து அவர் காலைப் பற்றினார்.

அம்மையாருக்கு நம்ப முடியவில்லை. "யாரு தூக்கினா? அவ யாரையும் தொட விடமாட்டாளே. கடிச்சு வெச்சிருப்பாளே."

"கடிச்சிருக்காம்மா" என்றார் குருக்கள் தழுதழுத்து. "ஸ்வாமி கையிலே பல்லு தெரியறது."

அம்மையார் அவரையே பார்த்தார். இரவெல்லாம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"அய்யோ... ரொம்ப வலிச்சிருக்குமே" என்றார்.

இதன்பின் அம்மையாரின் அயர்ச்சி தீர்ந்தது என்றோ, தேன்மொழி வாய் திறந்து பாடினாள் என்றோ சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நோய் இருந்தது, மௌனமும் இருந்தது. ஆனால் அன்று முதல் நெடுங்கரையில் பள்ளியறைப் பூசைக்கு மேளம் கொட்டுவதில்லை. மாலையில் தேன்மொழி ஆற்றோரம் நடந்தால், தொடாமல், கூப்பிடாமல், சற்றுத் தள்ளி ஊராரில் ஒருவர் பின்தொடர்வார். முதல் சில ஆண்டுகள் அப்படி நடந்தவர் கயிலாசத்தார். அம்மையார் பகலில் அச்சமின்றிக் கண்மூடினார். அப்படி மூடிய கண் ஒருநாள் திறக்கவில்லை. தம் கேள்விக்கு விடை பெற்றுக்கொண்டே அவர் இறைவன் திருவடி சேர்ந்தார்.

உடல் ஓய்ந்தும் அன்பு ஓயாத நல்லம்மையாரையும், அவர் பெற்ற பேசா மகளையும், பிள்ளைக் கடி தாங்கிய அந்தத் திருக்கையையும் நெஞ்சில் வைத்துத் தொழுவோம்.