பரிசலில் ஏறிய முரசு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ராஜாக்களுக்கு யோசனை உதித்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். "நம் அரண்மனையில் யார் வேலையில் குறை கண்டாலும் முரசறைந்துதான் சொல்ல வேண்டும். ஒளிவுமறைவு கூடாது" என்று ஆணையிட்டார்.

ரசத்தில் உப்புக் கூடியதை முதல் நாளே முரசறைந்தார்கள். அவமானப்பட்ட சமையல்காரர் மறுநாளிலிருந்து எதிலும் உப்பே போடவில்லை. உப்பில்லை என்று சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. சொன்னவன் குறையை அடுத்தவன் தேடுவானே! கூடிப் பேசிச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

எல்லாரிலும் தனியாகிப் போனவன் விகடகவி மருதக்கூத்தன்தான். எதையும் கவனித்துவிடுகிற ஆள் என்று அவன் வந்தாலே இலையோடு நகர்ந்தார்கள். சபையையே சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், 'வந்தாயா' என்று கேட்க ஒரு நாதியில்லை.

அவன்மேல் பிரதானி பூவராகருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். ஒரு நாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ஊழியர் குறைதான் முரசில் ஏறுகிறது. தங்களுடையது இன்னும் ஏறவில்லை. அதை மருதக்கூத்தன் நாளைக்கே அறையட்டும். மறுத்தால் ஆணையை மீறியவன். ஊர் கேட்கத் தங்களைக் குறை சொன்னாலோ ராஜநிந்தனை செய்தவன். இரண்டில் எது நடந்தாலும் அவனை நாட்டை விட்டே..."

"ஹஹ்ஹா! பலே! அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

"...துரத்த வேண்டும்" என்று பிரதானி முடித்தார்.

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவது எப்படி? தன்னோடு யாருமே பேசாத அந்த அரண்மனையை விட்டால் மருதக்கூத்தனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் காலை அவன் முரசைப் பரிசலில் ஏற்றினான். "தாங்களும் ஏற வேண்டும், மகாராஜா. முரசறைய வேண்டும் என்பதுதான் ஆணை. எங்கே என்று ஆணையில் இல்லையே!"

பரிசல் ஏரியின் நடுவுக்குப் போயிற்று. கரையில் சபை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. முரசுச் சத்தம் மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது.

அது அடங்கியதும் மருதக்கூத்தன் தணிந்த குரலில் சொன்னான்: "மகாராஜா, ஒருவர் பேசி முடிப்பதற்குள் தாங்கள் சிரித்துவிடுகிறீர்கள். போன வாரம் ஏரிக்காவலர் 'கரையில் நண்டு வளை' என்று ஆரம்பித்தார். தாங்கள் சிரித்தீர்கள். வளை வழியே தண்ணீர் கசிகிறது என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். அதோ, மடைக்குப் பக்கத்தில் சுழித்து இறங்குகிறது பாருங்கள். கடைசி வார்த்தை வரை கேட்டால் போதும். நானும்தான், இத்தனை வருஷத்தில் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. மடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பிறகு?" என்றார்.

"முடிந்துவிட்டது, மகாராஜா."

"அப்படியானால் இப்போது சிரிக்கலாம் அல்லவா?" என்று கேட்டுவிட்டு, பரிசல் ஆடும்படி சிரித்தார் ராஜா. உடனே கரைப்பக்கம் பரிசலை விடச் சொல்லி, ஏரிக்காவலர் சொன்னதை முழுக்கக் கேட்டு, வளையை அடைக்க ஆள் அனுப்பினார். குறையை இனி அவரவரிடம் தனியே சொன்னால் போதும் என்று அங்கேயே ஆணையை மாற்றினார்.

"முரசும் அறைந்தாய், ஊரும் கேட்கவில்லை. நீ எங்கும் போக வேண்டாம்" என்று முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

மருதக்கூத்தன் பரிசலை மறுபடி நடு ஏரிக்கு விட்டான். "பயந்துகொண்டு என் குறையை யாரும் என்னிடம் சொல்வதில்லை, மகாராஜா. தாங்களாவது சொல்லுங்கள்."

ராஜா யோசித்தார். "சிரிப்பு எழுந்ததும் நீ எழுந்து போய்விடுகிறாய். அப்புறம் உன்னோடு கொஞ்சம் பேசலாம் என்று எத்தனையோ நாள் திரும்பிப் பார்த்திருக்கிறேன். உன் இடம் காலியாக இருக்கும்."

மருதக்கூத்தன் துடுப்பைக் கீழே வைத்தான். ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்து, முடிக்காமல் விட்ட கதைகளில் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான்.

கரையில் பிரதானி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். உச்சி வெயில் ஏறிய பிறகும் மருதக்கூத்தன் துடுப்பைத் தொடவில்லை.