எடுத்தாச்சு

“குருவே, மீன்கொத்தி ஏன் என்னைப் பார்த்தா மட்டும் பறந்து போகுது?”

கேட்டவர் மருதப்பன். நாற்பத்தெட்டு வயது. திருச்சியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார்.

“நீங்க அதைப் பிடிச்சு முழுங்கப் போறீங்கன்னு பயப்படுது அண்ணே,” என்றாள் குரு.

குருவுக்கு வயது இருபத்து நான்கு. பெயர் நிலோஃபர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அது பழைய கேமரா. ஒரு பக்கம் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அதில் அவள் எடுத்த படங்களைப் பார்த்தால் வயிறு எரியும். அவ்வளவு நன்றாக இருக்கும்.

மருதப்பனின் கேமரா புதிது. லென்ஸ் முழங்கை நீளம். படங்கள்? உண்மையைச் சொல்லிவிடலாம். படு மட்டம்.

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனார்கள். பூச்சி பறந்துபோய் இலை மட்டும் படத்தில் வந்தது. கல்லணைக்குப் போனார்கள். அணை ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோபுரத்தின் தலையையே வெட்டிவிட்டார். கேட்டால் “ஆர்ட்டு” என்றார்.

நிலோஃபர் சிரிக்கவில்லை. அவளைக் குரு என்று கூப்பிட அதுவே போதும்.

இன்று முக்கொம்பு. காவிரியில் தண்ணீர் ஓடுகிறது. பூங்கா நிறையக் கூட்டம்.

“இன்னிக்கும் ஒண்ணும் தேறலைன்னா கேமராவை வித்துடணும் குருவே.”

“யார் சொன்னா?”

“நான்தான் சொன்னேன்.”

பதில் சிமெண்ட் பெஞ்சிலிருந்து வந்தது. மருதப்பனின் மனைவி தமயந்தி, மடியில் புளியோதரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுல ஆள் இல்ல. வந்தா இலையைக் காட்டறாரு, தூணைக் காட்டறாரு. என்னையும்தான் நிக்க வெச்சு நிக்க வெச்சு எடுத்தாரு. எல்லாத்துலயும் ஆதார் கார்டு மாதிரியே இருக்கேன். நான் இப்படியா இருக்கேன், நீ சொல்லும்மா?”

“இல்ல அண்ணி.”

“பார்த்தா இது நான்தான்னு எனக்கே தோணணும். அப்படி ஒரே ஒரு படம் எடுக்கட்டும். கேமரா இருந்துட்டுப் போகட்டும்.”

அப்போது ஒரு குடும்பம் வந்தது. கேமரா தொங்கும் கழுத்தைக் கண்டால் ஜனங்கள் விடமாட்டார்கள்.

“பாப்பா, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றியா?”

நிலோஃபர் அவர்களுடைய போனை வாங்கினாள்.

“குருவே!” மருதப்பன் கிசுகிசுத்தார். “மதகு மேல! மீன்கொத்தி!”

அவள் திரும்பவே இல்லை.

குடும்பம் வரிசையாக நின்றது. அப்பா கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டார். அம்மா முந்தானையைச் சரிசெய்து உதட்டை இறுக்கினாள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல் நின்றன.

“ரெடியா?”

எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

நிலோஃபர் அமுக்கவில்லை. சும்மா நின்றாள். பிறகு சொன்னாள்:

“எடுத்தாச்சு.”

அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். சின்னவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் அதட்டத் திரும்பி, அதட்ட வராமல் சிரித்துவிட்டார். அம்மா அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

அப்போது அமுக்கினாள்.

போனை வாங்கிப் பார்த்த அம்மா கத்தினாள். “ஐயோ, இவரு சிரிக்கிறாரு பாருங்களேன்!”

மீன்கொத்தி போய்விட்டிருந்தது.

“எடுக்காமலே எடுத்தாச்சுன்னு சொன்னியே குருவே. அது பொய்தானே?”

“பொய்தான்.”

“அடடா, இவ்வளவுதானா விஷயம்!”

மருதப்பன் ஓடினார். தமயந்தியை எழுப்பிக் கம்பிவேலி ஓரமாக நிறுத்தினார்.

“ரெடி. எடுத்தாச்சு!”

தமயந்தி அசையவில்லை.

“எங்க எடுத்தீங்க? விரல் பட்டன் மேலயே இருக்கு. கண்ணு ரெண்டும் முட்டிக்கிட்டு வெளிய நிக்குது. யாருகிட்ட?”

இன்னொரு தடவை சொன்னார். வேறு குரலில் சொன்னார். வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார். எல்லாமே ஆதார் கார்டு.

தோற்றுப்போய்த் திரும்பி வந்தார். “நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா.”

“அண்ணே, அந்தப் பொய்யை நான் யாருக்குச் சொன்னேன்?”

“அந்தக் குடும்பத்துக்கு.”

“முதல்ல எனக்குச் சொன்னேன் அண்ணே,” என்று நிலோஃபர் உச்சுக்கொட்டினாள். வறுத்த மீன் விற்கும் கடையைப் பார்த்து நடந்துவிட்டாள்.

வெயில் இறங்கியது. பூங்கா மூடப்போகிறது என்று காவலாளி முதல் விசில் ஊதினார்.

மருதப்பன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கேமராவை மடியில் வைத்தார். லென்ஸ் தமயந்தி பக்கம் சாய்ந்திருந்தது.

“எடுத்தாச்சு தமயந்தி.”

“எதை?”

“எல்லாத்தையும். போதும். நாளைக்கு வித்துடலாம்.”

அவருக்குக் கோபம் இல்லை. தோள் இரண்டும் தானாக இறங்கின. டப்பாவிலிருந்து ஒரு வாய் புளியோதரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். “நெசமாவா?”

“நெசமாத்தான். கடலை நிறையப் போட்டிருக்கே. நல்லா இருக்கு.”

எதிரே கம்பிவேலியில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. கைக்கெட்டும் தூரம்.

மருதப்பன் கேமராவைத் தூக்கவில்லை. வாயில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முதுகு அப்படி ஒரு நீலம் என்று இதுவரை அவருக்குத் தெரியாது.

அது தண்ணீரில் பாய்ந்தது. மீனோடு மேலே வந்தது. மீன் நழுவி விழுந்தது. மீன்கொத்தி வெறும் வாயோடு வேலியில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஆற்றைப் பார்த்தது.

“உங்க ஆளுதான்!”

தமயந்திக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. வாயைப் பொத்தினாள். முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, சோற்றுக் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

மருதப்பனின் மடியில் ‘க்ளிக்’ என்றது.

இருவரும் குனிந்து கேமராவைப் பார்த்தார்கள்.

“எடுத்தீங்களா?”

“தெரியலையே.”

மீன் தட்டோடு நிலோஃபர் பின்னால் வந்து நின்றாள்.

தமயந்தி கேமராவை வாங்கினாள். படம் சாய்ந்திருந்தது. அவளுடைய கொண்டை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அட,” என்றாள். “நானு.”