கத்திக்குத் தப்பிய கேன்வாஸ்

ஒரு தை மாதத்தில், பொள்ளாச்சிப் பக்கம் மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஏழு நாள் ஓவியப் பட்டறை ஒன்று நடந்தது. வெட்டவெளியில் நின்று, கண்ணெதிரே தெரிவதை எண்ணெய் வண்ணத்தில் தீட்டக் கற்றுக்கொடுக்கும் பட்டறை. கற்றுக்கொள்ள வந்தவர்களில் சுந்தராம்பாளும் ஒருத்தி. கூட்டுறவு வங்கியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனியாவது ஆசைப்பட்டதைச் செய்வோம் என்று வந்தவள். பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக இரண்டு கேன்வாஸ் கொண்டுவந்திருந்தாள். இது அந்தச் சின்ன கேன்வாஸின் கதை.

வந்து இறங்கியதும் சின்ன கேன்வாஸின் காதில் விழுந்த முதல் செய்தி நல்ல செய்தி. கடைசி நாளில் ஆளுக்கு ஒரு படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்களாம். அந்த நிமிஷமே அதற்கு ஆசை பிடித்துக்கொண்டது. சுவரில் ஏறினால் போதும், பிறந்த பயன் கிடைத்துவிடும் என்று நினைத்தது.

இரண்டாவது செய்தியைக் கேட்டதும் ஆசை இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"காலைல எட்டு மணிக்கு ஆரம்பிங்க," என்றார் ஜோயல் மாஸ்டர். கற்க வந்த பாதிப் பேரைவிட வயதில் இளையவர். "பத்து மணிக்கு விசில் ஊதுவேன். ஊதுனதும் எல்லாரும் போட்ட படத்தைச் சுரண்டிப் போடோணும். அஞ்சு நாளைக்கு இப்படித்தான். ஆறாவது நாள் போடறதுதான் படம்."

"அய்யோ, எதுக்குங்க சார் சுரண்டோணும்?" என்றாள் சுந்தராம்பாள்.

"வெயில் நிக்காதுங்க்கா. எட்டு மணி நிழல் பத்து மணிக்கு இருக்காது. மொதல்ல கை பழகட்டும். படத்து மேல ஆசை அப்புறம் வரட்டும்."

மாஸ்டர் சொன்னதில் 'சுரண்டு' என்ற ஒரு சொல் மட்டும்தான் கேன்வாஸுக்குக் கேட்டது. சுரண்டப் போவது யார் என்று கண் தேடியது. கேன்வாஸுக்குக் கண் ஏது என்று கேட்கக் கூடாது, பயந்தவர்களுக்குத் தெரியும்.

படம் தீட்டும் சட்டத்தின் கீழே, வண்ணம் வைக்கும் தட்டில் கத்தி படுத்திருந்தது. மாவிலை மாதிரி மெலிந்த அலகு. யாரிடமும் பேசாது.

"நீதான் சுரண்டறவனா?" என்று கேட்டது கேன்வாஸ்.

"ஆமா."

"வலிக்குமா?"

"எனக்கு வலிக்காது," என்றது கத்தி. அது உண்மையைத்தான் சொன்னது. அதுதான் கேன்வாஸுக்கு இன்னும் கிலியைக் கிளப்பியது.

சுந்தராம்பாள் தீட்டத் தொடங்கினாள். முதலில் காவி நிறத்தை மெலிதாகத் தேய்த்தாள். பிறகு கரையோரப் புளியமரம், அதன் நிழல், அப்புறம் தண்ணீர், தண்ணீரில் ஒரு பரிசல். சீக்கிரம் காயட்டும் என்று மாஸ்டர் கொடுத்திருந்த எண்ணெயைத் தாராளமாகவே கலந்துகொண்டாள். பிரஷ் குளுகுளுவென்று மேலே ஓடியது. இவ்வளவு சுகத்தைக் கேன்வாஸ் அனுபவித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு சுகத்துக்கும் நடுவில் அதன் கண் கத்தியின் மேலேயே இருந்தது.

பத்து மணி நெருங்கியது. பக்கத்துச் சட்டத்துக்கு முன் நின்றவர் அவசரக்காரர். விசிலுக்கு முன்பே சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சர்ர்ர் என்று ஒரு சத்தம். அவருடைய ஏரி, மலை, மேகம் எல்லாம் சாம்பல் நிறச் சேறாகக் கத்தியில் சுருண்டு வந்தன. அதைப் பழந்துணியில் துடைத்துப் போட்டார்.

சின்ன கேன்வாஸ் நடுங்கிப்போனது. "பிரஷ் அண்ணே! என்னைக் காப்பாத்துங்க!"

பிரஷ்ஷுக்கும் உள்ளுக்குள் ஆற்றாமைதான். "காலைலேர்ந்து நான் மாங்கு மாங்குன்னு போட்ட தண்ணிய இவன் ஒரே இழுப்புல வழிப்பானா?" என்றது. அந்த நேரம் பார்த்து ஏரிக்காற்று வீசியது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பிரஷ் தட்டில் உருண்டது. கத்தியை ஒரு தள்ளு தள்ளியது. கத்தி சத்தமில்லாமல் புல்லுக்குள் விழுந்தது.

விசில் ஊதியது.

"கத்தியக் காணோங்க சார்!"

"யாருதாவது வாங்கிக்கங்க்கா!" என்று தூரத்திலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

சுந்தராம்பாள் யாரிடமும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் தீட்டிய முதல் ஏரி. இது போனால் இதுபோல இன்னொன்று தனக்கு வருமா என்ற பயம் அவளுக்கும் இருந்தது. மாஸ்டர் இந்தப் பக்கம் வருவதற்குள் படத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "சுரண்டிட்டேனுங்க!" என்று உரக்கச் சொன்னாள்.

பெட்டிக்குள் கேன்வாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் கத்தி புல்லில் கிடைத்தது. சுந்தராம்பாள் பெரிய கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னது அவள் அறை ஜன்னலோரம் வெயிலில் சாய்ந்திருந்தது. நடுப்பகலில் பெரியது சுரண்டப்பட்டு வந்து பக்கத்தில் நின்றது. கறை படிந்த பழைய தரை மாதிரி இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று சின்னது மெல்லக் கேட்டது.

"உயிரே போச்சு," என்றது பெரியது.

சின்னதுக்கு உள்ளூர நிம்மதி. நல்லவேளை, நான் தப்பினேன்.

நாலாம் நாளும் அதே கேள்வியைக் கேட்டது. பெரியது கொஞ்சம் யோசித்தது. "இப்பவும் பயமாத்தான் இருக்கு. விசில் கேட்டா நடுக்கம் வருது. ஆனா எல்லாமே போயிடறதில்ல. நேத்துப் போட்ட மரம் கொஞ்சம் எனக்குள்ளயே நிக்குது. இன்னிக்குப் போட்ட மரம் அது மேல வந்து உக்காந்துச்சு பாரு, அப்படி ஒரு சேர்மானம்."

சின்னதுக்கு இரண்டு நாளாக ஒரு புதுப் பயம். ஓரங்களிலிருந்து ஏதோ இறுகிக்கொண்டு வந்தது. முதலில் மரம் இறுகியது, பிறகு தண்ணீர். நேற்றுவரை அசைந்தது போலிருந்த பரிசல் இன்று கட்டிப்போட்டதுபோல நின்றது. யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்தது. மேஜை மேல் கத்திதான் இருந்தது. கத்தியைக் கூப்பிட வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை சுந்தராம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. சின்ன கேன்வாஸை மாஸ்டரிடம் எடுத்துப் போனாள்.

"திட்டாதீங்க சார். இதை மட்டும் சுரண்டலைங்க. இதையே செவுத்துல மாட்டிக்கலாங்களா?"

மாஸ்டர் திட்டவில்லை. படத்தைச் சற்று நேரம் பார்த்தார். கேன்வாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இந்தப் புளியமரத்து நிழலைப் பாருங்க. நீளமா, மேக்க பாத்துப் படுத்திருக்கு. எட்டு மணிக்குப் போட்டீங்க. பரிசல் நிழல் குட்டையா, வடக்க திரும்பி நிக்குது. இது பத்து மணிக்கு. ஒரே ஏரிக்கு ரெண்டு சூரியன் ஆகிப்போச்சுங்க்கா."

சுந்தராம்பாள் குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. "இப்பச் சுரண்டிடறேனுங்க," என்று கத்தியை எடுத்தாள்.

வாழ்க்கையில் முதல் முறையாகக் கேன்வாஸ் கத்தியைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. "வா! சீக்கிரம் வா! ஒரு நிழலையாவது எடுத்துடு!" என்று அலறியது.

கத்தி இறங்கியது. சர்ர்ர் என்ற சத்தம் வரவில்லை. கிறீச்சென்று ஒரு கீறல்தான் விழுந்தது. மறுபடியும் அழுத்தினாள். கத்தி வளைந்தது.

"இன்னொரு தரம்!" என்றது கேன்வாஸ்.

"நீ காஞ்சுட்டே," என்றது கத்தி. "அன்னிக்கு நான் புல்லுக்குள்ள கிடந்து உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். இப்ப என்னால ஆகாது."

"விட்டுடுங்க்கா," என்றார் மாஸ்டர். "இனி அது மேல எதப் போட்டாலும் அந்தத் திட்டு அப்படியே துருத்திட்டுத்தான் நிக்கும். சாமான் வெச்சுக்க ஆகும், வெச்சுக்கங்க."

ஆறாம் நாள் பெரிய கேன்வாஸில் ஒரு ஏரி வந்தது. ஒரே சூரியன். அடியில் நான்கு நாள் ஏரிகளின் சாயல் மங்கலாகக் கிடந்ததால் தண்ணீருக்கு ஆழம் இருந்தது. மறுநாள் அது சுவரில் ஏறியது. அதைத் தான் தீட்டியதாகவே சுந்தராம்பாளால் நம்ப முடியவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

அடுத்த வருஷமும் அவள் பட்டறைக்கு வந்தாள். சின்ன கேன்வாஸும் வந்தது, சட்டத்துக்கு அடியில் சாமான் வைக்கும் பலகையாக. வண்ணக் குழாய்கள், பழந்துணி, கத்தி எல்லாம் அதன் மேல்தான் படுத்துக்கொண்டன.

மேலே சட்டத்தில் ஒரு புது கேன்வாஸ் நின்றது. மணி பத்தை நெருங்கியது. புதியது கத்தியைப் பார்த்தது. கீழே குனிந்து, "அண்ணே, வலிக்குமா?" என்று கேட்டது.

பழையதன் மேல் இரண்டு நிழல்களும் ஆளுக்கொரு திசையில் கிடந்தன.

"எனக்குத் தெரியாது தம்பி," என்றது. "ஈரமா இருக்கறப்போ அது என்னைத் தொட்டதே இல்ல."

அந்தக் குரலில் பொறாமை இருந்தது. எதற்குப் பொறாமை என்று புரியாமல்தான் புதியது இன்னும் பயந்துபோனது.