சடைச்சி முதுகில் ஏறிய முட்கள்

அந்தக் காலத்தில் முள்ளம்பன்றிக்கு அந்தப் பெயரே கிடையாது. முதுகில் ஒரு முள்கூட இல்லாமல், ஆற்றுப் பாறை மாதிரி வழவழவென்று திரிந்தது. விலங்குகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

மலையடிவாரத்துச் சுனைக்குத் தண்ணீர் குடிக்க வருகிற ஒவ்வொரு கூட்டத்திடமும் மூங்கில் குழல்கள் இருந்தன. முள்ளைச் செருகி ஊதினால் அது சீறிக்கொண்டு போய்ச் செந்நாயின் மூக்கில் தைக்கும். செந்நாய்கள் அந்தக் குழலுக்குப் பயந்துதான் மலைக்கு அந்தப் பக்கமே கிடந்தன.

முள் சீவித் தருகிறவள் சடைச்சி என்கிற அந்த வழவழ முதுகுக்காரி. சுனையை ஒட்டிய பாறைப் பொந்தில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். வேலையில் கெட்டிக்காரி, கோபத்தில் அதைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குக் கோபம் வர நியாயமும் இருந்தது. மந்திகளின் குழலில் குன்றிமணி நுழைகிற அளவுக்குத் துளை. முயல்களுடையது அதைவிட எள்ளளவு சிறியது. கீரிகளோ இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடித்துவிட்டு, அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று மார்தட்டின. ஒருவர் முள் அடுத்தவர் குழலுக்குச் சேராது. சேராமல் இருப்பதுதான் கௌரவம் என்று வேறு நினைத்தார்கள். எது யாருடையது என்று தெரிய, சடைச்சி ஒவ்வொரு முள்ளிலும் சேங்கொட்டைச் சாற்றால் கறுப்புப் பட்டை போட்டுத் தர வேண்டும்.

ஒரு கோடையில் மந்திகளின் தலைவன் கருவாயன் புதுக்குழலோடு வந்தான். பழைய முள் தூரமாகப் போகிறதாம், ஆனால் வேகம் பற்றவில்லையாம். இந்தத் துளை ஒரு மயிரிழை சிறியது, இதற்கென்று தனியாக முள் சீவ வேண்டும் என்றான்.

சடைச்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"குத்துப்பட்ட செந்நாய் எந்த அளவு முள்ளுன்னு கேட்டுட்டா ஓடுது? எல்லாருக்கும் ஒரே துளை போடுங்க. ஒருத்தனுக்குத் தீந்தா பக்கத்துல இருக்கறவன் குடுப்பான்."

"முயல் ஊதற குழலை மந்தி ஊதணுமா? சீவ இஷ்டமில்லைன்னா பொந்தைக் காலி பண்ணு," என்றான் கருவாயன். கூட வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

சின்னக் குட்டிகளை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் தண்ணீரை விட்டு எங்கே போவது? சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சீவினாள். ஆனால் அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வற்றியதும் செந்நாய்கள் துணிந்துவிட்டன. ஒரு சாயங்காலம் கூட்டமாக இறங்கின. எல்லாரும் ஊதினார்கள். முன்னால் நின்ற முயல்களுக்கு முள் தீர்ந்தது. பக்கத்தில் மந்திகளிடம் குவியலாகக் கிடந்தது; வாங்கிச் செருகினால் உள்ளே போகவில்லை. கீரிகள் கீழே சிதறிய முயல் முள்ளைப் பொறுக்கி ஊதின. அது காலடியிலேயே விழுந்தது. மந்திகளே அவசரத்தில் பழைய முள்ளைப் புதுக்குழலில் திணித்து அடைத்துக்கொண்டன. அவ்வளவுதான், குழல்களைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓட்டம் பிடித்தார்கள். கருவாயன் எல்லாருக்கும் முன்னால் மரமேறினான்.

செந்நாய்கள் பொந்தை மோப்பம் பிடித்தன. உள்ளே குட்டிகள் கத்தின. சடைச்சி பொந்து வாசலுக்கு ஓடி வந்தாள். ஊருக்கே முள் சீவியவளிடம் தனக்கென்று ஒரு குழல்கூட இல்லை.

"குழலும் வேண்டாம், உங்க அளவும் வேண்டாம்," என்றாள் உரக்க, மரத்து மேலிருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

முள்ளில் பஞ்சு ஒட்ட வைத்திருந்த வேங்கைப் பிசினை முதுகில் கொட்டிக்கொண்டு, சிதறிக் கிடந்த முட்களின்மேல் உருண்டாள். நெட்டை, குட்டை, தடி, மெலிசு எல்லாம் ஒட்டிக்கொண்டன. பிறகு பொந்து வாசலை முதுகால் அடைத்து, பின்பக்கமாகவே பாய்ந்தாள். முதல் செந்நாய் முகமெல்லாம் முள்ளோடு ஊளையிட்டு ஓடியது. மற்றவை அதைப் பார்த்ததுமே பின்னாலேயே ஓடிவிட்டன.

மறுநாள் கருவாயன் கூட்டத்தோடு வந்து நின்றான். நன்றி சொல்ல வரவில்லை.

"எங்க பட்டை போட்ட முள்ளெல்லாம் உன் முதுகுல இருக்கு. எங்களுக்கு வேணும்," என்றான்.

சடைச்சி திரும்பி நின்று உடம்பைச் சிலிர்த்தாள். முட்கள் கலகலவென்று ஒலித்தன.

"உன்னுது எதுன்னு பாத்து நீயே பிடுங்கிக்க."

ஒரு கையும் நீளவில்லை. சடைச்சி குட்டிகளை முன்னால் விட்டு, எல்லாருக்கும் நடுவிலேயே புகுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பிசின் காய்ந்தது, முட்கள் தோலில் வேர்விட்டன.

அன்று முதல்தான் முள்ளம்பன்றியின் முதுகில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அத்தனை அளவு முட்களும், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, ஒன்றாக நிற்கின்றன. எதிரி வந்தால் அது முதுகைக் காட்டிச் சலசலக்கிறது, அளவு பேசிய மற்றவர்களோ வெறுங்கையோடு ஓடுகிறார்கள்.