எமகண்டம் எட்டரைக்கு ஒரு நம்பர்

தயாரிப்பாளர் கோதண்டபாணியின் கார் வந்து நின்றால் கோடம்பாக்கத்தில் டீ ஆற்றுகிறவன் கைகூட நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர், படங்களுக்கு அடையாள நம்பர் கொடுக்கும் அலுவலகத்துக்குள் தன் புதுப் படத்தை வாங்க வந்த ஒரு டிவி அதிகாரியையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார். கவுண்டரில் இருந்தவள் பொற்கொடி.

"'எமகண்டம் எட்டரை', என் புத்தம் புதுப் படம். உலகத்துல எந்தப் படத்துக்கும் இல்லாத நம்பர் இப்பவே வேணும். இல்லேன்னா நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆள்!"

அவர் கொடுத்த விவரங்களைப் பொற்கொடி ஏற்றினாள். நடிகர், இயக்குநர், நீளம் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அவள் திரையைப் படித்தாள். நம்பரை எழுதி நீட்டினாள்.

"தட்டிப் பாருங்க!" என்று கோதண்டபாணி அதை டிவி அதிகாரியிடம் கொடுத்தார்.

அவர் போனில் தட்டினார். 'இரண்டு பாட்டு நீக்கிய பதிப்பு. மூலப்படம்: ஏழூர் வேட்டை' என்று வந்தது.

"சார், இதை நாங்க நாலு தீபாவளிக்குப் போட்டுட்டோமே!"

கோதண்டபாணி மேஜையைத் தட்டினார். "அந்தப் பழைய படத்தோட நம்பரை அழி!"

"கொடுத்த நம்பரை அழிக்கிற வழக்கம் இங்க இல்ல சார். வெட்டின படத்துக்கும் தனி நம்பர் உண்டு. நீங்க கேட்டபடி அது வேற யாருக்கும் கிடையாது. ஆனா மூலப்படத்துக்குக் கீழதான் நிக்கும். பேரை எத்தனை தடவை வேணா மாத்துங்க. பெத்த தாயை மாத்துற ஃபாரம் எங்ககிட்ட இல்ல. வேணும்னா நாளைக்கும் வந்து கேளுங்க, இதே நாற்காலியிலதான் இருப்பேன்."