வேலி தாண்டாத சோளம்

பண்ணையார் தன்ராஜின் ஜீப் வரப்போரம் நின்றதுமே செல்லாத்தாள் வயலுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். இடுப்பில் பால்குடிப் பிள்ளை. அதன் பாலுக்கு ஒற்றைப் பசு, பசுவின் வயிற்றுக்கு இந்தத் துண்டு மக்காச்சோளம்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் பண்ணையில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து அவள் வயலோரத்தைக் கருக்கியிருந்தது. சில பயிர்கள் மட்டும் பச்சையாகவே நின்றன.

"மருந்துக்குச் சாகாதது என்னோட மரபணு மாத்தின விதைதான். திருடினியா? மொத்த வயலையும் அறுத்துட்டுப் போறேன்!"

ஊர் கூடிவிட்டது. சிணுங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லாத்தாள் சொன்னாள்:

"அறுத்துக்குங்க சாமி. போன வருசம் இந்தக் காட்டுல வெளஞ்சதைத்தான் வெதச்சேன். உங்க மின்வேலியையும் நாயையும் தாண்டி நான் வர முடியுமுங்களா? அப்பவே உங்க சோளப்பூவோட தூள் காத்தோட வந்து எஞ்சோளத்துல சேந்திருக்கோணும். அந்த வெதையைக் கொண்டாந்தப்ப 'வேலி தாண்டாது, தாண்டினா என்னோட மொத்தப் பயிரையும் அழிச்சுப்போடறேன்'னு கோயில் முன்னால சத்தியம் பண்ணுனீங்க. தாண்டிருச்சுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிப்போட்டு அறுங்க."

பண்ணையார் கூட்டத்தைப் பார்த்தார். பயிரைப் பார்த்தார்.

"இது... ஏதோ நாட்டு ரகம் போல."

ஜீப் போனதும் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. செல்லாத்தாள் சிரிக்கவில்லை. வேலிக்கு அப்பால் பண்ணைச் சோளம் பூத்து நின்றது. காற்று இந்தப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.