தீயின்மேல் வட்டமடித்த இரட்டைவால் குருவி

மூங்கில் பூத்துக் காய்ந்து நின்ற ஒரு காட்டில், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத இரட்டைவால் குருவி ஒன்று இருந்தது. அதன் பெயர் சுழலி.

கிளையில் கால் படும் முன்பே சுழலியின் கண் அடுத்த கிளைக்குப் போய்விடும். எங்கே என்ன நடந்தாலும் அதுதான் முதலில் பார்க்க வேண்டும், அதுதான் முதலில் சொல்லவும் வேண்டும். மான் குட்டி போட்டதா, பாம்பு சட்டை உரித்ததா, காட்டுக்கு எல்லாம் சுழலி சொல்லித்தான் தெரியும். வேறு யாராவது முந்திக்கொண்டால் அன்று முழுக்க அதற்கு இரை இறங்காது.

கோடை வந்தது. காட்டை ஆண்ட கரும்பாறை என்ற யானை எல்லோரையும் ஏரிக்கரைக்கு அழைத்தது.

"காடு சருகாகக் கிடக்கிறது. தீப்பிடித்தால் கூழைக்கடாப் பறவைகள்தான் அலகுப் பையில் தண்ணீர் அள்ளிப்போய் ஊற்றவேண்டும். அவை பறக்கும் வானத்தில் வேறு ஒரு சிறகும் இருக்கக் கூடாது. மீறுவது யாராக இருந்தாலும் வால் இறகைப் பிடுங்கிவிடுவோம். அது மறுபடி முளைக்கும்வரை தரைதான்!" என்றது யானை.

சுழலியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 'இதெல்லாம் கழுகுக்கும் பருந்துக்கும் சொல்வது. கையளவு குருவி யாருக்கு இடைஞ்சல்?' என்று எண்ணிக்கொண்டு, கூட்டம் கலையும் முன்பே பறந்துவிட்டது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், கிழக்குச் சரிவில் புகை கிளம்பியது. காற்றில் மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடித்துக்கொண்டது. படபடவென்று கணுக்கள் வெடிக்கும் சத்தம் காடெங்கும் கேட்டது.

கூழைக்கடாக்கள் ஏரியில் இறங்கின. பை நிறையத் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. முன்னால் பறந்தது அவற்றின் தலைவன் தோணி. தண்ணீர்ச் சுமையோடு தாழப் பறக்கிற கூழைக்கடாவுக்கு நினைத்த மாத்திரத்தில் திரும்ப வராது. அதனால் தோணி போகும் தடத்திலேயே மற்றவையும் போயின.

சரிவுக்குக் கீழே வறண்ட ஓடை ஒன்று உண்டு. அதற்குத் தீ எட்டாத இந்தப் பக்கம், ஓட்டாயி என்ற ஆமை மண்ணுக்குள் முட்டையிட்டிருந்தது.

"தீ ஓடையைத் தாண்டாது, ஓட்டாயி! நாங்கள் விடமாட்டோம்!" என்று மேலிருந்து கத்திவிட்டுப் போனது தோணி.

ஓட்டாயி முட்டைமேட்டின் மீது ஏறிப் படுத்துக்கொண்டது.

சரிவுக்கு எதிரே இருந்த பாறையிலோ ஒரே கூட்டம். குரங்குகள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. புகை மறைத்தது. "ஒரு மண்ணும் தெரியவில்லையே! மேலே போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லையா?" என்று அலுத்துக்கொண்டது நெட்டைவால் என்ற குரங்கு.

சுழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளையில் முன்னும் பின்னும் தத்தியது. சிறகு தானாக விரிந்தது.

"நான் இருக்கிறேனே!" என்று சொல்லிப் பறந்தது. ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. "பெரிய மூங்கில் புதர் போயிற்று! தீ பனை உயரம் எழும்புகிறது!"

"அப்புறம்? அப்புறம்?" என்று குரங்குகள் மொய்த்துக்கொண்டன.

அந்த 'அப்புறம்' காதில் விழுந்ததுமே சுழலி மறுபடி கிளம்பிவிட்டது. இம்முறை இன்னும் கிட்டே போனது. புகைக்குள்ளிருந்து தோணியின் குரல் வந்தது.

"யாரது? சுழலியா? விலகிப் போ! இது நாங்கள் வரும் வழி!"

"இதோ அண்ணா, ஒரே நொடி!"

திரும்பிப் போய்ச் செய்தி சொன்னது. "தீயின் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?" என்றது நெட்டைவால். பார்க்கவில்லை. பார்க்காததைச் சுழலியால் தாங்க முடியுமா? நேரே தீயின் தலைக்குமேல் போய் வட்டமடித்தது. ஆரஞ்சும் சிவப்புமாகத் தீ சுருண்டு சுருண்டு எழுவதைக் கண்கொட்டாமல் பார்த்தது.

புகையைக் கிழித்துக்கொண்டு தோணி வந்தது. எதிரே, கண்ணுக்கு நேராகக் கறுப்பாய் ஏதோ துடித்தது. மோதாமலிருக்க உடம்பை ஒடித்துத் திரும்பியது. அங்கே எரிந்துகொண்டிருந்த மருதமரத்தில் அதன் வலச்சிறகு அறைந்தது. சுமந்துவந்த தண்ணீர் வெறும் பாறையில் கொட்டியது. தோணி ஓடை மணலில் போய் விழுந்தது.

"வானத்தில் என்னவோ இருக்கிறது! மேலே ஏறுங்கள்!" என்று பின்னால் வந்த கூழைக்கடா அலறியது. எல்லாம் பை நிறையத் தண்ணீரோடு உயரத்தில் ஏறி நின்றன. தடம் காலியா என்று தெரியாமல் புகைக்குள் இறங்க எதற்கும் துணிவில்லை.

சுழலி அப்போதுதான் தப்பிக்கப் பார்த்தது. எந்தப் பக்கம் பறந்தாலும் புகை. வெளியே போக நினைத்து உள்ளேயே சுற்றியது. அது சுற்றச் சுற்ற மேலே கூழைக்கடாக்களும் காத்துக்கொண்டே இருந்தன. தீ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காய்ந்த கோரையைப் பற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டியது.

ஒருவழியாகச் சுழலி வெளியே வந்து விழுந்த பிறகுதான் கூழைக்கடாக்கள் இறங்கின. பொழுது சாயும் நேரம் தீ அடங்கியது. ஆனால் உயிர் மட்டும் தப்பிய ஓட்டாயியின் ஓடு வெடித்திருந்தது. மண்ணுக்குள் முட்டைகள் வெந்துபோயிருந்தன.

மறுநாள் ஏரிக்கரையில் விசாரணை நடந்தது.

"நான் தீ வைக்கவில்லை. யாரையும் தொடவும் இல்லை. வானம் எல்லோருக்கும் பொதுதானே! ஒரு நொடிதான் நின்றேன்," என்றது சுழலி.

கரும்பாறை ஆமையின் பக்கம் திரும்பியது.

"என் முட்டைகளைக் காப்பாற்ற எனக்கும் அந்த ஒரு நொடிதான் இருந்தது," என்றது ஓட்டாயி.

சுழலி குரங்குகளைப் பார்த்தது. "இவர்கள்தானே கேட்டார்கள்!"

"நாங்கள் சும்மா கேட்டோம். போகச் சொன்னோமா?" என்றது நெட்டைவால்.

"கேட்டவர்களை நான் தனியே கேட்டுக்கொள்கிறேன்," என்று கரும்பாறை உறுமியது. நெட்டைவால் மற்ற குரங்குகளின் பின்னால் பதுங்கியது. "பறந்தது நீ, சுழலி. சொன்னது தெரிந்தே பறந்தாய். வால் முளைக்கும்வரை நீ தரையில்தான். அதுவரை தோணியின் பக்கத்தில் இருந்து, அதன் புண்ணில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்."

கரும்பாறை துதிக்கையால் சுழலியின் இரண்டு நீண்ட வால் இறகுகளையும் பிடுங்கியது. சுழலி கத்தியதில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன.

தரையில் நாட்கள் நகரவே மாட்டேன் என்றன. மேலே ஏதாவது சிறகடித்தால் சுழலியின் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். ஆனால் ஒரு ஈ வந்தால் திரும்பியாக வேண்டும். ஒரு ஈ போனால் இன்னொரு ஈ. தோணி வலியில் முனகும்போது சுழலி இன்னும் நெருங்கி நின்றுகொண்டது.

ஒரு நாள் தோணி கேட்டது: "நான் எத்தனையோ தீயில் பறந்திருக்கிறேன். புகையில் ஒன்றையும் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு மேலே நின்று நீ பார்த்தாயே, எப்படி இருந்தது?"

சுழலி சட்டென்று தலையை நிமிர்த்தியது. "அதுவா? தீ அப்படியே சுருண்டு சுருண்டு..." என்று ஆரம்பித்தது.

தோணியின் ஒடிந்த சிறகு மண்ணில் கிடந்தது. சுழலியின் கண் அதில் போய் நின்றது. புண்ணில் உட்கார வந்த ஈயை அது எட்டிக் கொத்தியது.

நீதி: ஆபத்தில் உதவப் போகிறவரின் வழியை வேடிக்கைக்காக மறிப்பதும் குற்றமே; அதற்குத் தண்டனை உண்டு.